சின்னக் கைக்குள் அடங்கிய ஸ்பிரிங்

மெட்ராஸில் வேலை பார்த்த என் மைத்துனன், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கைக்கு வலுவேற்றும் ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் இரண்டு பிடிகளையும் ஒரே கையால் அமுக்கி முட்டவைக்க வேண்டும்.

மறுநாள் கருட சேவை. கூட்டம் தனக்கு ஆகாது என்று அவன் அன்றைக்கே கிளம்பினான். தம்பி ஒருநாள் தங்க மாட்டானா என்று என் மனைவிக்கு முகமே வாடிவிட்டது.

“மாமா, இத்த முட்ட வெச்சிடுங்க, இருந்து சாமி பார்த்துட்டே போறேன்” என்றான்.

என் கை சின்னது. விரல் நுனிகள் மட்டுமே எட்டின, பிடி வழுக்கியது.

“அதுக்குப் பெரிய கை வோணும் மாமா.”

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். “என் கை மட்டும் பெருசா? இடுக்கியில சோத்துக் குண்டான நான் தூக்கல? இடது கையால ஸ்பிரிங்கைப் பாதி மூடிக்கினு, ஒரு பிடியைக் கட்டைவிரல் அடியில அழுத்திக்குங்க. நாலு விரலும் சுத்தினப்புறம் இடது கையை எடுங்க.”

அப்படியே செய்தேன். பிடிகள் டக்கென்று முட்டின.

“ரெண்டு கை வெச்சது செல்லாதுக்கா.”

“புடிச்சதுதான்பா ரெண்டு கை. அமுக்கினது ஒண்ணுதான். பையை வை கீழ.”

வைத்தான்.

நாலு பேர் முன்னால் இந்தச் சின்னக் கையை நீட்டவே கூசுகிறவன் நான். மறுநாள் விடியலில் பெருமாள் கருடன்மேல் வந்தபோது, அக்காவும் தம்பியும் பக்கத்தில் நிற்க, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.