துரைசிங்கம் காகிதத்தை ஒழித்த வரலாறு

"இனி என்ர கை பேனா பிடிக்காது. பிடிச்சா, ஒருத்தரும் என்னைக் கிராணி எண்டு கூப்பிட வேண்டாம்."

1983ஆம் ஆண்டு, மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் தமது வீட்டு முன்கூடத்தில், பதினொரு பேர் முன்னிலையில் திரு. துரைசிங்கம் இவ்வாறு பிரகடனம் செய்தார். அதில் ஒன்பது பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள். பத்தாமவர் காது கேளாதவர். பதினோராமவர் அவர் மனைவி அம்பிகை. அவர் மட்டும்தான் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அப்பளம் பொரிக்கப் போனார்.

பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் துரைசிங்கம் இருபத்தாறு வருடம் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். வெள்ளைக்காரத் துரைகள் நாலு பேர் மாறினார்கள், பேரேடு எழுதிய கை மாறவில்லை. தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றபோது, ஆபீஸ் காகிதங்களைக் குவித்துக் கொளுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. துரைசிங்கம் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த ஆட்களின் பதிவேடுகளை மட்டும் உருவிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். யார், எந்த லயம், எந்த வீடு, எந்தத் தேதியில் எந்தப் பிள்ளை பிறந்தது என்று ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அவருடைய வாழ்க்கையில் சந்தேகத்துக்கு இடமில்லாத நல்ல காரியம் இது ஒன்றுதான். அடுத்த காரியத்தில் அதையும் சரிக்கட்டிவிட்டார்.

ஓய்வுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கையில் தூக்கிக்கொண்டு போகிற வகை என்று கடைக்காரர் சொன்னார். தையல் மெஷின் பெட்டி அளவு, பதினோரு கிலோ. தபால் அட்டை அகலத்தில் ஒரு திரை, அதில் பச்சை எழுத்து. தூக்கிக்கொண்டு போவதென்றால் துரைசிங்கத்தின் இடுப்பும் அம்பிகையின் இடுப்பும் சேர்ந்து போக வேண்டும். எட்டு மாதம் உட்கார்ந்து பதிவேடு முழுவதையும் ஒற்றை விரலால் அதில் அடித்து ஏற்றினார். பிறகு பதிவேடுகளைத் தெருமுனைக் கச்சாங் பூத்தே வியாபாரிக்குத் தானமாகக் கொடுத்தார். முதல் லயத்தின் பிறப்பும் இறப்பும் சினிமாக் கொட்டகை வாசலில் கடலைப் பொட்டலமாகச் சுருண்டன. காகிதத்துக்கு இதைவிட நல்ல கதி வேறில்லை என்று துரைசிங்கம் அபிப்பிராயப்பட்டார்.

இரண்டே வருடத்தில் கம்ப்யூட்டர் செய்த அமெரிக்கக் கம்பெனி மூடிக்கொண்டது. துரைசிங்கம் மெஷினிலேயே அடித்து, அச்செடுத்து அனுப்பிய கடிதம், ஆளில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. விற்ற கடை வீடியோ வாடகைக் கடையாகிவிட்டது. அங்கே போய் முறையிட்டவருக்கு ஒரு கராத்தே படத்தை அரை வாடகைக்குக் கொடுத்தார்கள்.

அன்று முதல் அவர் மெஷினுக்கு மருத்துவத் தாதி. மெஷின் ஓடும்போது வீட்டில் இஸ்திரி போடக்கூடாது, மிக்சி ஓடக்கூடாது, அம்பிகை சட்னி அரைக்கக்கூடாது. பதிவேட்டை மூன்று டிஸ்கட்டில் நகல் எடுத்து வைத்திருந்தார். பிஸ்கட் டின்னில் அரிசி கொட்டி, அதற்குள் புதைத்தும், ஈப்போ மழை இரண்டு டிஸ்கட்டில் பூசணம் வளர்த்துவிட்டது. மூன்றாவதை நகல் எடுக்க அந்த ரகத்தில் புது டிஸ்கட் கிடைக்கவில்லை. ஒருமுறை அதைப் புதுக் கம்ப்யூட்டர் விற்கும் சீனர் கடைக்கு எடுத்துப் போனார். அந்த மெஷின் டிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லை, அழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டது. துரைசிங்கம் வேட்டி தடுக்க ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

ஆக 1988இல் ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் ஒரே ஒரு டிஸ்கட்டில் குடியிருந்தார்கள்.

அந்த வருடம் நவராத்திரியின்போது வீரம்மா வந்தார். ஏழாம் லயத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, இன்னும் அங்கேயே இருப்பவர். பிறந்த சூராட்டு என்னும் பிறப்புச் சான்றிதழை எடுக்காத அப்பன் புண்ணியத்தில் நாற்பத்திரண்டு வயதிலும், குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. லயத்தை இடிக்கப் போகிறார்கள். மலிவு வீட்டுக்கு மனுப் போடக் குடியுரிமை உள்ளவரின் நீலக் கார்டு வேண்டும். நீலக் கார்டுக்கு, இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று தோட்டத்து ஆதாரம் வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லி அதிகாரி கெடு வைத்திருந்தார்.

"தோட்டத்து ஆபீசே இல்லீங்கய்யா இப்ப. ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க."

இருக்கிறது என்றார் துரைசிங்கம். விஜயதசமிக்கு வா, நல்ல நாள், அச்சடித்தே தருகிறேன் என்றார். பொத்தானை அமுக்கினால் பேர் வந்து நிற்கும் என்று விரலால் காற்றில் அமுக்கியும் காட்டினார்.

இடையில் சரஸ்வதி பூஜை வந்தது. தொழில் செய்யும் பொருளைப் பூஜையில் வைக்காத வீடு உண்டா? மெஷினை இரண்டு இடுப்புமாகத் தூக்கிச் சாமிப் படத்துக்கு முன் வைத்தார்கள். டிஸ்கட்டுக்குச் சந்தனம் வைக்கும் கட்டத்தில் துரைசிங்கம் யோசித்தார். அதன் கறுப்புச் சட்டையின் நடுவே நீள்வட்டமாய் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தது. அதற்குள் தட்டு பளபளத்தது. சட்டையில் வைப்பது மரியாதையல்ல, உயிர் இருக்கும் இடத்தில் வைப்பதே முறை என்று முடிவு செய்தார்.

"அதிலயோ வைக்கிறியள்?" என்றார் அம்பிகை.

"சரஸ்வதிக்குத் தெரியாத கம்ப்யூட்டரோ?"

ஜன்னலுக்குள் ஈரச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். மிக லட்சணமாக இருந்தது.

விஜயதசமி காலையில் வீரம்மா துவைத்த சேலையில் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். துரைசிங்கம் விபூதி பூசிக்கொண்டு மெஷினைப் போட்டார். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. திரையில் ஒன்றுமில்லை. நாலு தரம் போட்டார், நாலு தரம் துருவியது.

பக்கத்துத் தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் அர்ச்சுனனை அழைத்தார்கள். அவர் டிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துரைசிங்கத்தின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி டிஸ்கட்டைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பொட்டு போல இருக்கே அண்ணே."

பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து ஒரு மணி நேரம் துடைத்தார். தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்றும், ஒரு தடவை ஓடும், இரண்டாம் தடவைக்குத் தான் ஜவாப்தாரியில்லை என்றும், ஓடும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் கீறல் கூடும் என்றும் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் போனார். அது துரைசிங்கத்தை இன்னும் கலவரப்படுத்தியது.

மெஷின் ஓடியது. பச்சை எழுத்தில் முதல் லயம் வந்தது. அச்சடிக்கும் கட்டளை பொட்டோடு போயிருந்தது. பேரைத் தேடும் கட்டளையும் போயிருந்தது. அடுத்த பக்கம் என்ற ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்தது. பின்னால் போகவும் வழியில்லை. பக்கத்துக்கு இருபது பேர். வீரம்மா முப்பத்து மூன்றாம் பக்கத்தில்.

முதல் பக்கத்தில் இருந்த இருபது பேரிலும் சிவப்புக் கார்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று துரைசிங்கத்துக்குத் தெரியும். எழுதிக்கொண்டு நின்றால் முப்பத்து மூன்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் மெஷின் மூச்சை விட்டுவிடலாம். எழுதாமல் தாண்டினால் இவர்கள் திரும்பி வரமாட்டார்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வீரம்மாவை ஒருமுறை பார்த்தார். பொத்தானை அமுக்கினார்.

ராக்காயி போனார். சன்னாசி போனார். இருளாயியும் அவர் பெற்ற ஆறு பிள்ளைகளும் போனார்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் உள்ளே துருவியது. இருபத்தெட்டாம் பக்கத்தில் திரை நடுங்கியது; துரைசிங்கம் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், காய்ச்சல்காரனைப் பிடிப்பதுபோல.

முப்பத்து மூன்று. ஏழாம் லயம், நாலாம் வீடு, வீரம்மா, பெண், 1946.

"அம்பிகை, எழுத ஏதும் இருக்கோ?"

அம்பிகை சமையலறையிலிருந்து ஒரு பேனாவும் பள்ளிக்கூடக் கொப்பியும் கொண்டுவந்து வைத்தார். ஐந்து வருடமாக அவை அங்கே எப்படி இருந்தன என்று துரைசிங்கம் விசாரிக்கவில்லை. வீரம்மாவின் வரியை எழுதினார். முன்னாள் பெரிய கிராணி என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

"இத ஒத்துக்குவாங்களாய்யா?" என்றார் வீரம்மா.

"தெரியேல்லை" என்றார் துரைசிங்கம். அவர் வாயில் அந்தச் சொல்லை அம்பிகை கேட்டது அதுவே முதல் தடவை.

முப்பத்து நாலாம் பக்கத்துக்கு அமுக்கினார். ஒரே ஒரு கிரீச். திரை இருண்டது. பிறகு எத்தனை தரம் போட்டும் வரவில்லை.

வீரம்மா தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். துரைசிங்கம் அவரைப் பார்க்காமல், கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, ஸ்கேல் இல்லாமலே நேராக நாலு கோடு போட்டார். பேர், லயம், வீடு, பிறந்த தேதி.

"கொஞ்சம் இரு பிள்ளை. முதலாம் லயத்தில முதல் வீடு ஆர்?"

வீரம்மா மறுபடி உட்கார்ந்தார்.

"பத்துமலைங்கய்யா. சம்சாரம் கருப்பம்மா. மூணு புள்ள."

எழுதினார். தேதிக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, இரண்டாம் வீடு என்று எழுதினார்.