கஹவத்தைக்குச் சண்டை பிடிக்கப் போனேன்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கேகாலை பஸ் நிலையத்தில் நின்றபோது என்னிடம் ஒரு துணிப்பையும் ஒரு குடையும் இருந்தன. மற்றபடி வயிறு நிறையக் கோபம்தான். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜூன் மாதம், அந்தோனியார் திருநாளை ஒட்டிய வாரம். தைக்க வேண்டிய துணி மெஷினைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி சவரிமுத்துவைப் பார்க்கப் புறப்பட்டேன். பார்க்க என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அவனைத் தடுக்கப் போனேன்.

தோட்டத்தின் பேரை எழுத மாட்டேன்; எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் வாரத்தில் தம்பியின் மகள் அமலிக்குக் காய்ச்சல் முற்றியது. மூன்று வயதுப் பிள்ளை. மருந்துக்கு வழியில்லாமல் அவன் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர்ப் பால்வெட்டப் போனான். அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவன் பேர் கருங்காலி. சங்கத் தலைவர் மரியதாஸ் ஒரு வார்த்தை சொன்னார். ஒரு கதவும் அவனுக்குத் திறக்கவில்லை. பிள்ளை செத்த அன்றைக்கும் திறக்கவில்லை. சவப்பெட்டியைத் தானே தோளில் வைத்துக்கொண்டு தம்பி மலையேறினான். பின்னால் நானும் அவன் மனைவி லூர்துவும் மட்டும் நடந்தோம்.

இப்போது அதே மரியதாஸின் பேத்திக்கு ஞானஸ்நானம். பிள்ளையை ஏந்தி நிற்கப் போகும் ஞானத்தகப்பன் என் தம்பி என்று கஹவத்தையிலிருந்து வந்த ஒருத்தி சொன்னாள். அவர்கள் பிள்ளையைத் தூக்க மட்டும் இவன் கை வேண்டுமாம்.

அவிசாவளையில் பஸ் மாறினேன். எகலியகொடை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணாடி இல்லாத ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்து இருக்கைச் சிங்கள அம்மா தன் பிளாஸ்டிக் விரிப்பில் பாதியை என் மடியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். வயல்களுக்கு நடுவே மாணிக்கம் தோண்டும் குழிகளின் ஓலைக் கூரைகள் நனைந்து தொங்கின.

பத்தரைக்கு இரத்தினபுரி. ஒரு தேத்தண்ணியும் ஒரு பணிசு ரொட்டியும் உள்ளே போன பிறகும் கோபம் குறையவில்லை. அங்கிருந்து கஹவத்தை பதினேழு மைல், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபா. பஸ் தாமதித்து வந்தது, பெல்மதுளையிலும் வெகுநேரம் நின்றது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து, "அக்கே, செத்த வீட்டுக்கா போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டான். "நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்" என்று அவன் மொழியிலேயே சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குக் குரல் அப்படி. கேகாலைக் கோயிலில் நான் பாடினால் ஆர்மோனியம் தேவையில்லை என்பார்கள்.

கஹவத்தையிலிருந்து தோட்டத்துக்கு இரண்டரை மைல் நடை. மழையானதால் பால்வெட்டு இல்லை. மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. லயத்து வாசலில் ஒருத்தி, "பிலோமினாக்கா, இப்படி நனைஞ்சிட்டீங்களே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அன்றைக்குக் கதவைச் சாத்தியவர்களில் அவளும் ஒருத்தி. குடித்துவிட்டேன் என்று சொல்லி நடந்தேன்.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி தன் வெள்ளைச் சட்டையை விரித்து வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அமலியைத் தூக்கிட்டுப் போனோமே, மறந்திட்டியாடா?"

"மறக்கலக்கா."

"அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் பேத்தியைத் தூக்கப் போற?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "கோயில்ல பரலோக மந்திரம் சொல்றோம்ல. அதுல மத்தவங்களப் பொறுத்துக்கிறதைப் பத்தி வர்ற இடத்துல நான் வாயை மூடிக்கிருவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். போன தபசு காலத்துல, ஈஸ்டருக்கு முந்தி ஒரு நாள், என்னையறியாம வாய் சொல்லிருச்சு. ஆண்டவர்கிட்ட பொய் சொல்லிட்டமேன்னு ஆயிருச்சு. சிலுவையில தொங்கிக்கிட்டே மன்னிச்சவர் அவர். பூசை முடிஞ்சு நேரா மரியதாஸ் வாசல்ல போய் நின்னேன்."

"போய்?"

"பொறுத்துக்கிட்டேன்னு சொன்னேன். அந்த மனுசன் வாசப்படியிலயே உக்காந்து அழுதாரு. அவங்க வீட்ல பிள்ளை பிறந்ததும், நீதான் தூக்கணும்னு வந்து கேட்டாரு."

"அத்தோட உன் மனசு சரியாப் போச்சா?"

"எங்க போகுது. தினமும் காலையில புதுசா மன்னிக்க வேண்டியிருக்கு. பால்வெட்டு மாதிரிதான். நேத்து வெட்டுனது நேத்தோட சரி." லூர்து கறுப்புத் தேத்தண்ணியை என் கையில் வைத்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "பயம் ஒண்ணுதான்க்கா. அமலிக்கு அப்புறம் நான் ஒரு பிள்ளையையும் தூக்கினதில்ல. கை நடுங்கினா?"

"நடுங்காது. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான், தடுக்க வந்தவள் நான் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு இரத்தினபுரியிலிருந்து சாமியார் வந்து சேர்ந்தார். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், நிற்க இடமில்லை. மரியதாஸ் பேத்தியை ஏந்தியபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவரை நான் ஒன்பது வருஷமாக மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்தால் ஒடுங்கிப்போன ஒரு கிழவர்.

"சவரிமுத்து பிள்ளைய அடக்கம் பண்ண யாரும் போகக்கூடாதுன்னு சொன்னது நான்தான். எனக்காக யாரும் சாக்குச் சொல்லாதீங்க" என்றார். பிறகு பிள்ளையைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பியின் கை நடுங்கத்தான் செய்தது. முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, பிள்ளை வீறிட ஆரம்பித்தது. அப்பாடா, அது என்ன சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் பேரைச் சொல்வது ஞானத்தகப்பன். பிள்ளைக்கு அமலி என்று வைக்க வேண்டும் என்று நான் வருவதற்கு முதல் நாள் மாலை மரியதாஸ் வந்து கெஞ்சியிருந்தாராம். அந்தப் பேர் அவளுக்கே இருக்கட்டும், வேறு ஒன்று சொல்கிறேன் என்று தம்பி மறுத்துவிட்டான். என்ன பேர் என்று எங்களிடமும் சொல்லவில்லை.

சாமியார் பேரைக் கேட்டார். தம்பி வீறிடும் பிள்ளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பிலோமினா" என்றான். அப்புறம் என் காதருகே, "சத்தத்தைக் கேட்டியாக்கா? வேற என்ன பேரு வைக்கிறது" என்றான்.

அவன் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். முன்வரிசை சிரித்தது, சாமியாரும் சிரித்தார், லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசியில் துதிப் பாட்டு தொடங்கியபோது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. தாராளமாகப் பாடினேன். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்தில், வருஷக்கணக்காகப் பாடாத தம்பியும் பாடினான். வெளியே வந்ததும் அந்த லயத்துப் பெண்ணிடம் போய், "தேத்தண்ணி இருக்கா?" என்று நானே கேட்டேன்.

திங்கட்கிழமை கஹவத்தையில் பஸ் ஏறினால் அதே கண்டக்டர். "என்ன அக்கே, செத்த வீடுதானா?" என்றான். "பேர் வைத்த வீடு, என் பேரை" என்றேன்.

அடுத்த ஞாயிறு கேகாலையில் எங்கள் கோயில். இது பெரிய கோயில், ஓட்டுக் கூரை, எனக்கென்று வழக்கமான இடம் உண்டு. பரலோக மந்திரத்தில் பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் அந்த வரியைத் தம்பி இத்தனை வருஷம் விட்டுவிட்டான். நானோ ஒரு ஞாயிறும் விடாமல், எல்லாருக்கும் மேலே கத்திச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடம் வந்தபோது குரல் தானாக இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் குனிந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்குத்தான் என்ன சொல்றேன்னு கேட்டுக்கிட்டே சொல்றேன்" என்றேன்.