இஸ்திரி அக்காவின் உள்ளங்கை

வணக்கம் சொல்வதற்கு முன்பே கை உள்ளே போய்விடும். கட்டிலின் வலப்பக்கம் நின்று, என் மனைவியின் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே கையைச் செருகி, தோளிலிருந்து தொடை வரை துணியைத் தடவிக்கொண்டே வருவார். பாதி வழியில் கை நிற்கும். "இங்க ஒரு சுருக்கம் இருக்கு." விரிப்பின் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. அதற்குப் பிறகுதான், "தூங்கினீங்களாக்கா?" என்ற விசாரிப்பெல்லாம்.

எலும்பு முறிவு வார்டில் இவர் பணியாளர். எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, விரிப்பு மாற்றுவது இவர் வேலை. நர்ஸுகள் வைத்த பெயர் இஸ்திரி அக்கா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். வார்டிலுள்ள பன்னிரண்டு கட்டிலையும் நீவி வைக்கிறவருடைய நீலக் கோட்டு மட்டும், பைக்குள் சுருட்டிப் போட்ட கைக்குட்டை மாதிரி இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் நிக்கறவதானே சார். நிக்கறவங்களைச் சுருக்கம் ஒண்ணும் பண்ணாது" என்றார்.

வீட்டில் இவர் துணியே மடிப்பதில்லையாம். எல்லாம் கொடியிலும் ஆணியிலும் தொங்கும் என்று மகள் ஒருநாள் வந்தபோது புகார் சொன்னாள். டாக்டர் சீட்டைக்கூட மடிக்க மாட்டார், குழலாகச் சுருட்டித்தான் நம் கையில் கொடுப்பார். காத்திருப்போர் பெஞ்சில் உட்காரும் முன் அந்த மரப்பலகையையும் ஒரு தடவு தடவுவார். பலகையில் என்ன சுருக்கம் வரும் என்று கேட்டால், "கைக்குத் தெரியுமா அது பலகைன்னு?" என்பார்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். சர்க்கரை எக்கச்சக்கம். அது இறங்கினால்தான் ஆபரேஷன் என்று படுக்க வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "படுத்தே கிடந்து முதுகுப் பக்கம் தோல் விட்டுச்சுன்னா நான் கத்தி வைக்க முடியாது. புண்ணு வழியா கிருமி உள்ள போயிடும்." ஆபரேஷன் இல்லையென்றால் அவளுக்கு நடை இல்லை.

ஐந்தாம் நாள் வால் எலும்பின் மேல் நாணய அளவுக்கு ஒரு சிவப்பு. இஸ்திரி அக்கா அதை விரலால் அழுத்தினார். வெளுத்தது, மெல்ல மறுபடி சிவந்தது. "வெளுக்குது. அதுவரைக்கும் நல்லது. வெளுக்கலைன்னாதான் பயம்" என்றவர், "காலைல நான் இழுத்து விட்டுட்டுத்தானே போனேன்?" என்று முணுமுணுத்தபடி கையைச் செருகினார். கையோடு வெளியே வந்தது என் கம்பளிச் சால்வை.

"யார் வெச்சது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"அவர்தான்" என்று மனைவி காட்டிக்கொடுத்துவிட்டாள். "மெத்துனு இருக்கட்டும்னு. அன்பு."

"அன்பை நாலா மடிச்சு வெச்சா இப்படித்தான்கா குத்தும்." சால்வையை என் மடியில் போட்டுவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். "தலைமாட்டையும் தூக்கினீங்களா சார்?"

"பேப்பர் படிக்கணும்னு கேட்டா."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம் அச்சகத்தில் ஊரார் எழுத்தில் பிழை பார்த்தவன் நான். என் பிழையை இந்த அம்மாள் ஒரே தடவலில் கண்டுபிடித்து, நாலு கட்டில்காரர்கள் கேட்க வாசிக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. தன் உள்ளங்கையை என் முன் நீட்டி, கட்டைவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் நெருக்கிக் காட்டினார். நடுவில் தோல் பள்ளமாக மடிந்தது.

"மெத்துனு இருக்கறதை ரெண்டு பக்கமும் நெருக்கினா ஒதுங்க இடம் தேடும் சார். மேல எழும்பலாம்னா மேல ஆளு படுத்திருக்கு. அங்கயே மடிஞ்சுக்கும். தலைமாட்டைத் தூக்கினா அக்கா கீழ சறுக்கறாங்க, துணி கூடவே வந்து குவியுது, உங்க சால்வை குவியுது, அக்கா தோலும் குவியுது. மூணும் ஒரே இடத்துல."

பேசிக்கொண்டே என் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பென்சிலை உருவினார். கேட்கவெல்லாம் இல்லை. விரிப்பின் ஓரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகக் கட்டில் சட்டத்தில் ஒரு கோடு. "ரெண்டும் நேர்ல நிக்கணும். விலகிச்சுன்னா உள்ள எங்கயோ மடிஞ்சிருக்குன்னு அர்த்தம். நீங்கதான் பிழை பார்க்கறவராச்சே, இதைப் பாருங்க."

பார்த்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. கோடு ஒரு நூல் விலகினாலும் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய், "விலகிடுச்சும்மா" என்பேன். எந்தக் கட்டிலில் இருந்தாலும் வந்துவிடுவார். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொருவரையும் துணைக்கு அழைத்து, கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, என் மனைவியை நோகாமல் புரட்டினார். எட்டாம் நாள் அந்தச் சிவப்பைத் தேடவேண்டியிருந்தது. பதினோராம் நாள் ஆபரேஷன் நடந்தது.

அதற்கு நான்காம் நாள், பிசியோதெரபிப் பெண் பக்கத்தில் நிற்க, என் மனைவி இடது கையை மெத்தையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வாக்கரைப் பிடித்து இரண்டடி வைத்தாள். மூன்றாவதற்கு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுதுவிட்டேன், அதிலென்ன வெட்கம்.

"உங்களாலதான்மா" என்றேன் இஸ்திரி அக்காவிடம். "இந்த நன்றியை எப்படித் தீர்க்கறதுன்னே தெரியல."

"நான் என்ன பண்ணேன், துணியை இழுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே காலிக் கட்டில் பக்கம் திரும்பினார்.

என் மனைவி கை ஊன்றி எழுந்த இடத்தில் விரிப்பு கசங்கியிருந்தது. உள்ளங்கை அழுத்திய பள்ளத்தைச் சுற்றி ஐந்தாறு மடிப்புகள் விசிறியாக விரிந்திருந்தன. இஸ்திரி அக்காவின் பழக்கப்பட்ட கை விரிப்பின் ஓரத்துக்குப் போனது. சிவப்புக் கோட்டின் மேல் பிடித்தும்விட்டது.

இழுக்கவில்லை. அந்த மடிப்புகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிடியை விட்டு, கையைக் கசங்கிய நீலக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.