ஆப்வார்ட்டுக்குத் துவக்கு உண்டோ?

"உனக்குத் துவக்குத் தருவினமோ?" என்று கேட்கிறது, 1999 மே மாதத் திகதியிட்ட ஒரு கடிதம். எழுதியவர் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன். அவருடைய மாநிலத்தில், பள்ளிகள் ஆயுதம் தாங்கிய காவலர்களை வேலைக்கு அமர்த்தச் சட்டம் கொண்டுவருகிறார்களாம்.

சுவிஸின் சோலோதுர்ன் ரயில் மேடையில் நான் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதைக் கண்டு, தன் அண்ணன் எழுதிய அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டியவர் மன்னார்க்காரரான செல்வராசா. அவருக்கு இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. இன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். தவறினால் பழையபடி உணவகத்தில் கோப்பை கழுவல்தான். கடிதத்தை வாசித்ததிலிருந்து, பக்கத்தில் நிற்கும் மனைவி மேரி விடுவதாயில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடிவந்தனாங்கள். இனி இவர் தூக்கவோ?"

எதிர்மேடையில், லீவில் வீடு போகும் சிப்பாய்கள் துவக்கைத் தோளில் மாட்டியபடி ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். மேரியின் பயம் நியாயமானதுதான்.

"ஒப்பந்தத்தில என்ன வேலையெண்டு கிடக்கு, அண்ணை?" என்று செல்வராசாவைக் கேட்கிறேன்.

"ஆப்வார்ட். காவலாளி எண்டு நான்தான் அமெரிக்காவில இருக்கிற அண்ணைக்கு எழுதினனான்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆப்வார்ட் என்றால் கட்டடத்தைப் பராமரிப்பவர்.

"துவக்கில்லை, அக்கா. சாவிக்கொத்தும் கூட்டுற தும்புத்தடியும்தான்."

"தும்புத்தடியோ? வீட்டில ஒருநாளும் தொட்டதில்லை இவர்."

மேரியே பேனையை எடுத்துக் கொடுக்கிறார். செல்வராசா கையெழுத்திட்டு முடித்ததும் மேரி மெதுவாகச் சொல்கிறார்: "அண்ணைக்கு எழுதுங்கோ. அங்க பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில என்ன முடிவெண்டும் கேளுங்கோ."

அண்ணனின் மாநிலத்தில் அந்தச் சட்டம் நிறைவேறியதா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.