அப்பா கட்டாத பாட்டு

என் அப்பா மேடை நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டியவர். விருதுநகர் வட்டாரத்தில் எந்தக் கோயில் பொங்கலுக்கு நாடகம் போட்டாலும் அவர் பாட்டு இருக்கும். எழுதத் தெரியாது. அவர் பாடப் பாட எழுதி வைத்தது நான். 1950களின் கடைசியில் அவர் இறந்தபோது என்னிடம் பதினோரு நோட்டுகள் இருந்தன.

மறுவருடமே திருவிழாக் கடைகளில் அவர் பாட்டுகள் யார் யார் பெயரிலோ அச்சாகி வந்தன. பாதி அடிகளைக் காணோம். நானே புத்தகம் போடுவதென்று சிவகாசிக்குப் போனேன். காலண்டர் சீசன் முடியட்டும் என்றார் அச்சகக்காரர். காத்திருந்தேன். புரூஃபில் 'அம்புட்டு'களையெல்லாம் 'அவ்வளவு' ஆக்கியிருந்தார்கள். பாடினால் தாளம் இடித்தது. ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றினேன்.

அப்போதுதான் கவனித்தேன்: சனங்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு, ஒருத்தி புருஷனைக் கேலி செய்வது, எந்த நோட்டிலும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"அது அவரு கட்டுனதில்ல. அவரு கூட வேஷம் கட்டுன மல்லாங்கிணத்துக்காரி கட்டுனது. ஊரே அவரு பாட்டுங்குது, சொல்லிட்டுப் போகட்டுமே."

மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினேன். அந்த அம்மா களத்தில் கொத்தமல்லி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தாயி. அப்படியே உங்க அப்பா மொகம். சாப்பிட்டீகளா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மல்லியைக் கிளறினார்.

"நாந்தான் கட்டுனேன். உங்க அப்பா ஒவ்வொரு மேடையிலயும் அதச் சொல்லிட்டுத்தான் பாடுவாக. கேட்ட சனந்தான் மறந்துருச்சு."

"உங்க பேரு போடட்டுமா?"

"போடுங்க. எனக்கும் ஆச இருக்காதா?"

முழுப்பாட்டையும் பாடினார். நான் அதுவரை கேட்டேயிராத இரண்டு அடிகள் அதில் இருந்தன.

அண்ணனுக்குத்தான் கோபம். "அப்பா பேரக் காப்பாத்தப் போறேன்னுட்டு, இருக்கதுலயே நல்ல பாட்டத் தூக்கி அடுத்தவளுக்குக் குடுக்கியே?"

"அப்பாவே குடுத்ததுதான் அண்ணே."

மூன்று மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. புத்தகம் பங்குனிப் பொங்கலுக்கு வந்தது. அந்த அம்மாவிடம் ஒரு பிரதி கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, "அங்கன ஒரு 'ஏலே' விட்டுப்போச்சு" என்றார். அடுத்த பதிப்பில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் பெயர் வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் நானே போய்ப் புரூஃப் பார்த்துவிட்டு வருவேன்.