உண்ணாமலை வெட்டிய அரசாணிக்காய்

எங்கள் ஊரில் ஒரு விதி உண்டு. முழு அரசாணிக்காயில் முதல் வெட்டு ஆண்பிள்ளைதான் போட வேண்டும். வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அரசாணிக்காய் என்றால் மஞ்சள் பூசணி, சிலர் பரங்கிக்காய் என்பார்கள். ஆண்பிள்ளை ஒரு கீறு கீறிக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் துண்டு போடுவது, தோல் சீவுவது, வேக வைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பொம்பளை வேலை. மீறினால் அந்த வீட்டு ஆண்மகன் உயிருக்கு ஆகாதாம். இதை யார் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள் என்று நானும் நாற்பத்தாறு வருஷமாகக் கேட்கிறேன், ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

என் பெயர் பிரபா. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் உண்ணாமலையுடையது. நாமகிரிப்பேட்டையிலிருந்து பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தவள். புருஷன் சந்திரசேகர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறான். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று கண்காணாத காட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பான். ஆடி மழைக்கு வீட்டுக்கு வருவான், புரட்டாசி பிறந்தால் வண்டி கிளம்பிவிடும். மகள் யாழினி சேலத்தில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஆக, வீட்டில் உண்ணாமலை ஒருத்திதான். அடுத்த வீட்டில் மாமனார் காளியப்பன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்திரசேகர் ராய்ப்பூரில் ஒரு ஓவன் வாங்கினான். ரிக்கோடு போகிற லாரியில், குழாய்களுக்கு நடுவே பழைய போர்வையைச் சுற்றி அதைக் கொண்டுவந்து சேர்த்தான். அந்த வருஷம் பார்த்து அரசாணிக்காய்க்கு விலையே இல்லை. காளியப்பன் காட்டில், அதாவது தோட்டத்தில், வரப்பு மேல் காய் மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஆடு கூட மோந்து பார்த்துவிட்டுப் போனது. மகள் போனில் காட்டிய மஃபின் என்கிற கப் கேக்கை உண்ணாமலை இந்தக் காயில் செய்து பார்க்கலாம் என்று நினைத்தாள்.

முதல் தடவை அரசாணிக்காயைத் தண்ணீரில் வேக வைத்து அரைத்துவிட்டாள். வெளியே வந்தது களி. நான்தான் கரண்டியில் எடுத்துத் தின்றேன், வீணாகக் கூடாதே என்று. இரண்டாம் தடவை கல். மூன்றாம் தடவை அவளுக்கே கோபம் வந்து, இட்லிச் சட்டியில் ஆவியில் வேக வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் சொட்டி முடிந்த பிறகு மசித்தாள். நாட்டுச்சர்க்கரை, கடலை எண்ணெய், கெட்டித் தயிர். பட்டை, கிராம்பு, சுக்கு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய், எல்லாம் அன்றன்றைக்கு இடித்தது. மாவைப் போட்ட பிறகு நாலு சுற்றுக்கு மேல் கரண்டியைத் திருப்ப மாட்டாள். ஈர்க்குச்சி குத்திப் பார்த்து, குச்சியில் ரெண்டு துணுக்கு ஒட்டும்போதே வெளியே எடுத்துவிடுவாள். "குச்சி சுத்தமா வர்ற வரைக்கும் உட்டா, காஞ்ச ரொட்டிதானுங்க்கா கெடைக்கும்" என்பாள். அப்படிச் செய்ததுதான் மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாமல், பிட்டால் விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும். நான் எண்ணிப் பார்க்காமல் தின்ற ஒரே பண்டம் அது.

முட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் ஜில்லா, முட்டைக்குப் பேர் போன ஜில்லா. ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் முட்டை என்று வாயைத் திறக்கக் கூடாது. அதனால் மற்ற மாதத்தில் முட்டை, புரட்டாசியில் தயிரைக் கூட்டி முட்டை இல்லாமல். அந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகக் கைவந்துவிட்டது.

சரி, இவ்வளவு கைவந்தும் என்ன? ஒவ்வொரு தடவையும் காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் வாசலில் போய் நிற்க வேண்டும். "ஏனுங்க மாமா, ஒரு வெட்டுப் போட்டுக் குடுங்க." அவர் உடனே வர மாட்டார். பேப்பரை மடிப்பார். டீயைக் குடிப்பார். வெற்றிலையைத் துடைப்பார். அரைமணி நேரம் கழித்து வந்து, அரிவாளால் ஒரே ஒரு போடு போட்டுவிட்டு, ஏதோ கிணறே வெட்டிக் கொடுத்த மாதிரி கையைத் தட்டிக்கொண்டு போவார். என் வாசலில் உட்கார்ந்து இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்ணாமலை மஃபின், பஞ்சாலை வேலைக்குப் போகிற பெண்கள் கையில் போய் அங்கேயும் பேர் வாங்கியது. போன புரட்டாசியில் அந்தப் பஞ்சாலையிலிருந்து மதுமதி என்ற பெண் வந்தாள். ஆலையில் பெண் தொழிலாளர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை அவளுக்கு. ஆயுத பூஜைக்குத் தொண்ணூற்றாறு மஃபின் கேட்டாள். "பொரியும் சுண்டலும் வருஷா வருஷம் குடுக்கறோமுங்க. இந்த வருஷம் புள்ளைங்க உங்க கேக்குத்தான் வேணும்னு நிக்கறாங்க. நல்லபடியா வந்துச்சுன்னா மாசாமாசம் எங்க கேன்டீனுக்கு நீங்கதான்" என்றாள். உண்ணாமலை அன்றைக்கு என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கீழே கிடந்த வெட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். கடைசியில், "அக்கா, இது மட்டும் நடந்துச்சுன்னா நானும் சொந்தமாச் சம்பாரிக்கறவளுங்க்கா" என்றாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை, நாலு காயைக் கூடையில் வைத்துக்கொண்டு மாமனார் வாசலுக்குப் போனாள். அவர் பேப்பரை மடிக்கவில்லை.

"வெட்ட முடியாது போ."

"என்னங்க மாமா?"

"டீக்கடையில கேக்கறானுக. காளியப்பன் மருமவ ரொட்டி சுட்டு மில்லுக்கு விக்கறாளாமான்னு. என்ர மவன் கை நெறையச் சம்பாரிக்கறான். நீ ஊரூராப் பண்டம் தூக்கிட்டுப் போகோணுமா? அந்தப் பொட்டிய மூடி அட்டாலி மேல ஏத்து. இதோட முடிஞ்சுது."

"நாளைக்குக் காத்தால குடுக்கறதாச் சொல்லீட்டனுங்க மாமா."

"சொன்னீன்னா? என்னயக் கேட்டா சொன்னே?"

அத்தோடு விட்டாரா மனுஷன்? தெருவில் இருக்கிற ஆம்பளைகள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். உண்ணாமலை மளிகைக் கடை ராசப்பனிடம் போனாள். ராசப்பன் தராசைத் துடைத்துக்கொண்டே, "எனக்கென்னங்க, ஒரு வெட்டு. ஆனா பெரியவரு சொல்லியிருக்காரு, சடைச்சுக்குவாரு" என்றான். பால்காரரும் அதையே சொன்னார். ஆறடி ஆம்பளைகள், ஒரு காய்க்கு முன்னால் ஒருத்தனுக்கும் கை எழவில்லை. வெட்கங்கெட்டவர்கள்.

புருஷனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. காட்டுக்குள் இருந்தால் அப்படித்தான், சில நாள் ராத்திரி வரைக்கும் டவர் கிடைக்காது. மணி பதினொன்று. எட்டு தடவை ஓவன் போட வேண்டும். அதற்கு முன்னால் காய் வெந்து, நீர் வடிய வேண்டும். இனியும் தாமதித்தால் முடியாது.

நான் ஓடிப் போய் யோசனை சொன்னேன். "திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறு. கடையில வெட்டின துண்டா வாங்கிட்டு வந்துரு."

"இன்னைக்கு வாங்கீருவனுங்க்கா. அடுத்த மாசம்? அதுக்கடுத்த மாசம்? நம்ம காட்டுல காய் குமிஞ்சு கெடக்க, நான் பஸ் ஏறிப் போயி துண்டு வாங்கோணுமா?"

"அப்ப ஒண்ணு செய்யலாம். என்ர தங்கச்சி பையன் இருக்கறான். மூணு வயசுதான். அவங்கையில கத்தியப் புடிக்க வெச்சு ஒரு அமுக்கு அமுக்கீட்டாப் போதும், ஆம்பள வெட்டுனதா ஆயிரும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

உண்ணாமலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மூக்கு ஒழுகறதத் தொடைக்கத் தெரியாத புள்ளைக்கு இருக்கற மருவாதி எங்கைக்கு இல்லீங்களா அக்கா?"

இந்த யோசனையைச் சொன்ன என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் உள்ளே போனாள். அரிவாள்மணையோடு வந்தாள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? செய்யவில்லை. வாசலில், நட்டநடு வெயிலில், சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். தெரு கூடிவிட்டது. காளியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்றே? என்ர மவன் உசுரு மேலயா கத்தி வெக்கறே?"

அப்போது அவள் போனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தாள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயம்தான். புருஷன் போன் கிடைக்கவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால், ராட்சச மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. சின்ன வயசிலிருந்து காதில் ஓதியது அவ்வளவு லேசில் போய்விடுமா?

ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. மாமனாரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"உங்க மவன் உசுரு இந்தக் காய்க்குள்ளதான் இருக்குதுங்களா மாமா? அப்பறம் எப்படிங்க வருஷா வருஷம் மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்பறீங்க? காட்டுல கொடியறுத்துக் காயெடுக்கறது ஆருங்க? நானும் இன்னும் நாலு பொம்பளைங்களும். அங்க அருவா எங்க கையிலதான இருந்துச்சு? அப்ப ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே? அவரு நல்லா இருக்கோணும்னு உங்களவிட எனக்கு அக்கறை இருக்குதுங்க. அவரு வாங்கிக் குடுத்த அடுப்புத்தானுங்க இது."

சொல்லிவிட்டுக் காயை இரண்டு கையாலும் தூக்கி அரிவாள்மணை மேல் வைத்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் போட்டு அமுக்கினாள். காய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே மஞ்சளாக, விதையும் நாருமாக, எப்போதும் இருப்பது போலத்தான் இருந்தது. வானம் இடியவில்லை.

இரண்டாவது காயை அவள் எடுப்பதற்குள் நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "குடு இங்க" என்று பிடுங்கினேன். என் வாழ்க்கையில் நான் வெட்டிய முதல் முழுக்காய் அது. தோல் இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்பத்தாறு வயசில் இது ஒரு கண்டுபிடிப்பு, கேவலம்தான், என்ன செய்வது?

காளியப்பன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு முதல் தட்டு உள்ளே போனது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு. நான் பேப்பர் கப்பைப் பிரித்து வைத்தேன், அவள் ஊற்றினாள். பட்டையும் சுக்குமாக மணம் தெரு முழுக்கப் போனது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் அவள் போனை எடுத்துப் பார்ப்பாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி மாவைக் கலக்குவாள். சுத்துப்பட்டில் மழை பிடித்து ஓய்ந்தது. ஆறாவது தட்டு இறங்கும்போது போன் அடித்தது. கைத்துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நான் ஓவன் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

ஸ்பீக்கரில் சந்திரசேகர் குரல் வந்தது. "என்ன புள்ள நடக்குது அங்க? அப்பன் பதினோரு தடவ கூப்ட்டிருக்காரு. இப்ப எடுத்தா, நீ நல்லா இருக்கறயா, நல்லா இருக்கறயான்னு அதயே கேட்டுட்டு வெச்சுட்டாரு."

உண்ணாமலை நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"வெட்டீட்டயா?"

"வெட்டீட்டனுங்க."

"செரி. எனக்கு எத்தன எடுத்து வெச்சே?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஏழாவது தட்டுக்கு மாவு காத்திருந்ததால் அதிக நேரம் அழ முடியவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் டிராக்டர், பைக், மோட்டார், என் தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தோம். காளியப்பன் வாசலில் டிராக்டர் மாலை போட்டு நின்றது. திருஷ்டி சுற்றி உடைக்க வெள்ளைப் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வாசலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உண்ணாமலை ஓவனைத் தூக்கி வாசலில் ஸ்டூல் மேல் வைத்திருந்தாள். அதற்கும் சந்தனப் பொட்டு, பூ. பக்கத்தில் அரிவாள்மணை, அதற்கும் பொட்டு. அவள் கையில் ஒரு வெள்ளைப் பூசணி, மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அதயும் நீயேவா?" என்றார் காளியப்பன். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"என்ர ஆயுதமுங்க மாமா. நானேதானுங்க உடைக்கோணும்."

மூன்று சுற்று சுற்றி, ரோட்டில் ஓங்கிப் போட்டாள். ஆம்பளைகள் போட்டால் எப்படி உடையுமோ அப்படித்தான் உடைந்தது. காளியப்பனும் தன்னுடையதை டிராக்டர் முன்னால் போட்டு உடைத்தார். வேறென்ன செய்வார்?

உண்ணாமலை துடைப்பத்தை எடுத்தாள். தான் உடைத்த துண்டுகளை ஒன்று விடாமல் கூட்டி, முறத்தில் அள்ளி ஓரமாகக் கொட்டினாள். பைக்கில் போகிறவன் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே. மாமனார் உடைத்தது அப்படியே கிடந்தது. பத்தொன்பது வருஷமாக, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், அவர் உடைத்துவிட்டு உள்ளே போவார், அவள்தான் குனிந்து அள்ளுவாள். அவர் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கையைக் கழுவினாள். தொண்ணூற்றாறு மஃபினையும் அடுக்கிய பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினாள். "போயிட்டு வாரனுங்க மாமா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ திரும்பியது. காளியப்பன் ரோட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என் வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு பைக் சத்தம் கேட்டது. அவர் போய், மருமகள் சாய்த்து வைத்த துடைப்பத்தை எடுத்தார்.