கணேசமூர்த்தி மாமாவின் ஏழாவது கைக்கடிகாரம்

“இருநூறு மீட்டர் ஆழத்துக்குப் போனாலும் தண்ணி ஏறாது” என்றார் கணேசமூர்த்தி மாமா, ஹட்டன் டவுன் கடையில் வாங்கிவந்த பெட்டியைத் திறந்தபடி.

“பீலித் தண்ணிக்கு அடியில குந்திக் குளிக்கிற ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்குங்க இருநூறு மீட்டரு?” என்றார் அவர் மனைவி மீனம்மா அத்தை.

“கடல்ல முங்குறவங்க கட்டுற வாட்ச் மீனா. பெட்டரியே கெடையாது. அதுவா ஓடும்.”

“ஏற்கெனவே ஆறு இருக்கு. கை ரெண்டுதான்.”

“நீ சொல்லு புள்ள” என்று அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் குடியிருக்கும் அதே லயத்து வரிசையில் பக்கத்து வீடு எங்களுடையது. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கறுப்பு முகம், தடித்த முட்கள், திருகினால் கடக்கடக்கென்று சுற்றும் வளையம். இப்படி ஒன்றை அவர் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. உள்ளே கடிகாரம் கட்டக்கூடாது. வாசலில் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கீறல் விழாமலிருக்கத் துணி விரித்த பிஸ்கட் டின்னுக்குள் படுக்கவைப்பார். நான்காம் நாள் அது நின்றுவிட்டது. குலுக்கினால் ஓடியது, பிறகு மறுபடி நின்றது.

ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் திருப்பி எடுப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆறாம் நாள் மாலை, கொடுத்துவிட மனமில்லாமல், பெட்டியிலிருந்த சிறு புத்தகத்தை மாமா என்னிடம் நீட்டினார். அது முழுக்க ஆங்கிலம்.

“கை அசைய அசையத்தான் இதுக்குச் சாவி ஏறும் மாமா. சும்மா வச்சா நின்னுரும்” என்றேன்.

“பெக்டரிக்குள்ள கட்ட விடமாட்டாங்களே.”

அப்போதுதான் மலையிலிருந்து வந்த அத்தை கொழுந்துக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கொழுந்து பறித்து ஓயாத கை. மாமா அந்தக் கையையே பார்த்தார்.

“மீனா, ஒரு ஒதவி…”

“அதானே பாத்தேன்.”

மறுநாள் அத்தை அதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். நாள் முழுக்க மழை. மாலையில் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. கடைக்குப் போகும் பேச்சு அத்தோடு நின்றது.

இரண்டு வாரத்தில் அத்தைக்கு வளையத்தின் உபயோகமும் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்ததும் அதைத் திருகி அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பார்; எத்தனை நிமிடம் போனது என்பது அதில் தெரியும். கங்காணி செல்லசாமி “எந்திரிங்க, எந்திரிங்க” என்றால், “இன்னும் மூணு நிமிசம் இருக்குங்க” என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவார். கங்காணி தன் போனைப் பார்த்துவிட்டு நகர்வாராம். கூட இருக்கும் பெண்கள் இப்போது அவரை நடுவில் உட்காரவைத்துத்தான் குடிக்கிறார்கள்.

அத்தை கடிகாரத்தைக் கழற்றுவதேயில்லை. கோயிலுக்கும் அதோடுதான் போகிறார். மாமா மற்ற ஆறையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை, அத்தை வீட்டுக்குள் இருக்கும்போது, மாமா எங்கள் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சுலக்ஷனா, நீ சொன்னா அவ கேப்பா. நாளைக்கு எங்க அக்கா மகன் கல்யாணம். ஒரே ஒரு நாளைக்கு அந்த வாட்ச எனக்குக் கட்டக் குடுக்கச் சொல்லேன்.”